அடுப்புள்ள வீடு

பாடசாலை விடுமுறை நெருங்கும் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் கொழும்பிலும் உள்ள உறவினரும் நண்பரும் நம்மிடம் தவறாது கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "திருகோணமலைக்கு வர விரும்புகிறோம். சிறியோர் பெரியோராகப் பத்துப் பேர். கட்டுப்படியான வாடகையில், சமைத்துச் சாப்பிட வசதியுள்ள இடம் கிடைக்குமா?" பாலையூற்றில் குடியிருக்கும் நம்மைவிட இதற்கு விடை கூறத் தக்கவர் யார் என்பது அவர்கள் எண்ணம். கோணேசப் பெருமானைத் தரிசிக்க வழி சொல்வது எளிது. இதற்கு வழி சொல்வது அத்துணை எளிதன்று.

விலை ஏறுவதற்கு முதற்காரணம் கடலே. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு, தெற்குக் கரைகளைக் கொந்தளிக்கச் செய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலேதான் எமது கிழக்குக் கடல் குளம்போற் கிடக்கும். மேல்நாட்டாரின் கோடை விடுமுறையும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் நம்மவர் ஊர் திரும்பும் நாட்களும், ஆடி அமாவாசையும், நமது பிள்ளைகளின் ஆகஸ்ட் விடுமுறையும் அக்காலத்திலேயே வந்து குவிகின்றன. போர்க்காலத்திற் பெரும்பாலும் ஆளரவமற்றுக் கிடந்த உப்புவெளி, நிலாவெளி மணற்கரைகளில் 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் விடுதிகள் வரிசையாக எழுந்துள்ளன. ஊருக்குப் பிழைப்பு வந்தது. அதனை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும் அவ்விடுதிகளின் அறைகள் பெரும்பாலும் இருவருக்கென அமைந்தவை. பத்துப் பேருக்கு 5 அறைகள் வேண்டும். 3 நாள் தங்கினால் 15 அறை வாடகை. நாளொன்றுக்கு 3 வேளையாக 90 சாப்பாடு. இக்கணக்கை ஓர் ஆசிரியரின் சம்பளச் சிட்டைக்கு அருகில் வைத்துப் பார்க்க நாம் துணியவில்லை.

இதனால் நேர்வது யாது? பல குடும்பங்கள் இரவு முழுதும் வானில் பயணஞ்செய்து, விடியலிற் கோயில், நண்பகலிற் கன்னியா வெந்நீரூற்று, மாலையிற் கடற்கரை என ஓடி, அன்றிரவே திரும்பிவிடுகின்றன. பிள்ளைகள் அடுத்த நாள் உறங்கிக் களைப்பைத் தீர்த்துக்கொள்வர். இரண்டு இரவுகள் கண்ணயராத சாரதி, எல்லோருடைய உயிரையும் கையிற் பிடித்துக்கொண்டு காட்டுவழியே வண்டி ஓட்டுகிறார். ஒரு நாள் வாடகையை மீதப்படுத்தும் பெற்றோர் இதனையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

முன்னோர் இதற்கு மடம் என்றொரு வழி கண்டிருந்தனர். யாத்திரிகர் அரிசியும் பருப்பும் மூட்டை கட்டி வருவர். மடத்துக் கிணற்றில் நீர் அள்ளி, மூன்று கல் கூட்டிச் சமைத்து உண்டு, திண்ணையில் உறங்குவர். வாடிவீடு உத்தியோகத்தரின் பயணத்துக்காக எழுந்தது; அங்கே சமையற்காரன் இருந்தான், பட்டியலும் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதுதான் அரச திணைக்களங்கள் வைத்திருக்கும் சேர்க்கிட் பங்களா. குறைந்த கட்டணத்தில் தங்கலாம். பல இடங்களிற் சாமான்களைக் கொடுத்தால் காவற்காரரே சமைத்தும் தருவார். உங்கள் குடும்பத்தில் அரச உத்தியோகத்தர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய திணைக்களத்துக்கு இத்தகைய பங்களா உண்டா என முதலில் விசாரியுங்கள். ஆகஸ்ட் மாதத்துக்கு ஜூலையில் விண்ணப்பித்தால் இடம் கிடைப்பது அரிது. சமைத்துத் தந்தவருக்குக் கையிலே ஏதாவது கொடுத்துவிட்டு வருவதும் முறை.

அவ்வாய்ப்பு இல்லாதவர் கடலுக்கு முதுகு காட்டித் தேட வேண்டும். அலையோசை கேட்கும் அறைக்கு ஒரு விலை. அது கேளாத வீட்டுக்கு வேறு விலை. நகரின் உட்புற ஒழுங்கைகளிலும், கண்டி வீதிப் பக்கமாக எமது பாலையூற்றிலும், வளவும் கிணறும் குசினியும் உள்ள வீடுகளை நாள் வாடகைக்குக் கொடுப்போர் உளர். உப்புவெளி நகரிலிருந்து ஏறக்குறைய 5 கிலோமீற்றர். நிலாவெளி 15 கிலோமீற்றர். பேருந்தும் முச்சக்கரவண்டியும் உண்டு. பகலெல்லாம் கடலில் நீராடிவிட்டு இரவிற் கண்மூடிக் கிடக்கும் அறையிலிருந்து அலை தெரிந்தாலென்ன, வேலி தெரிந்தாலென்ன?

சொந்தச் சமையல் சிக்கனத்துக்கு மட்டும் உரியதென எண்ணற்க. ஆடி அமாவாசை விரதம் பிடிப்பவர், நேர்த்தி வைத்து மரக்கறியோடு இருப்பவர், நீரிழிவு கண்ட பாட்டி, கைக்குழந்தை ஆகிய இவர்களுக்கு விடுதிப் பட்டியல் உதவாது. இன்னொன்றும் உண்டு. காலையிற் கரைக்கு வரும் பாரையும் விளைமீனும் வாங்கி வீட்டிலே குழம்பு வைத்தால், விடுதியில் ஒருவர் உண்ணும் செலவில் ஒரு குடும்பமே உண்ணலாம். கோயிலுக்குப் போகும் நாளில் அடுப்பில் மீன் ஏறாது பார்த்துக்கொள்வதும் உங்கள் கையிலேயே இருக்கும். சில வீட்டுக்காரர் தம் குசினியில் மச்சம் சமைக்க விடார். அதனை முன்னரே கேட்டறிவது இரு பக்கத்துக்கும் நலம்.

வேறு சிலவற்றையும் கேளுங்கள். வாடகை வீட்டுக்கா, ஆளுக்கா? எரிவாயு உருளை அவர்களுடையதா, அதற்குத் தனிக் காசா? 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிவாயுத் தட்டுப்பாடு வந்தபோது, பின்புறத்தில் விறகடுப்பு உள்ள வீட்டின் அருமை எல்லோருக்கும் விளங்கிற்று. பத்துப் பேருக்குச் சோறு வடிக்கும் பெரிய பானை உண்டா? தேங்காய் துருவலை உண்டா? (இஃது இல்லாத குசினியைக் குசினி என்று நம் இல்லத்தரசி ஒப்புக்கொள்வதில்லை.) நுளம்பு வலை எத்தனை? சாரதி படுக்க இடம் உண்டா? ஆகஸ்ட் மாதத்தில் இங்கே வறட்சி. கிணற்றில் நீர் நிற்கிறதா என்பதே இவை யாவற்றிலும் பெரிய கேள்வி.

கைபேசியில் அனுப்பும் படங்களை மட்டும் நம்பி முழுப் பணத்தையும் அனுப்பற்க. நமக்குத் தெரிந்த குடும்பமொன்று அவ்வாறு அனுப்பி, வந்து பார்த்தபோது படத்தில் இருந்த விறாந்தை வேறொரு வீட்டினுடையதாக இருந்தது. சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, வீடுகளில் விருந்தினரைத் தங்கவைப்போரையும் பதிவு செய்கிறது. பதிவு உண்டா என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. ஊரில் அறிந்தவர் ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்த்து வரச் செய்து, முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டும் வாங்குங்கள்.

இனி, எம் ஊரவருக்கும் ஒரு சொல். இங்கே பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. திறப்பு ஒரு சித்தியிடம் இருக்கும். அவர் மாதமொருமுறை வந்து கூட்டிவிட்டுப் போவார். கதவுநிலையிற் கறையான் ஏறும். இறைக்காத கிணறு பாசி பிடிக்கும். அவ்வீடுகளை விடுமுறைக் காலத்தில் நியாயமான வாடகைக்குக் கொடுத்தால் வீட்டுக்கும் ஆள் வாசம் கிடைக்கும், சித்தியின் கைச்செலவுக்கும் உதவும். வெளிநாட்டில் உள்ள பிள்ளைகளிடம் இதனைக் கேட்கத் தயங்கும் சித்திமார் இருப்பின், இப்பத்தியைக் கத்தரித்து அனுப்பலாம். நாம் ஆட்சேபிக்க மாட்டோம்.