வாய்பொசுக்கி

தண்டு குட்டையான புகைக்குழாய்க்கு ஆங்கிலத்தில் ஒரு செல்லப்பெயர் உண்டு: மூக்குச்சூடேற்றி. அதே குழாயைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ப்ரூல்-கெல்’ என்றார்கள். தமிழில் வாய்பொசுக்கி என்று சொல்லலாம். அதிலும் ‘கெல்’ என்பது வாய்க்கான நாகரிகமான சொல் அல்ல. மிருகத்தின் வாயைக் குறிப்பது அது, மனிதனைப் பார்த்துச் சொன்னால் வசவு. ஒரே பொருளுக்கு இரண்டு பெயர்கள். ஒன்று சுகத்தைச் சொல்கிறது, மற்றது அதன் விலையை. இரண்டுக்கும் காரணம் ஒன்றேதான்: கங்குக்கும் முகத்துக்கும் நடுவே நான்கைந்து அங்குலம்தான் இடைவெளி.

இந்த இரண்டு பெயர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் துணிபோட்டு மூடுகிற இரண்டு கோஷ்டிகளோடும் எனக்குச் சண்டை. ஒரு கோஷ்டி பைப் பக்தர்கள். ‘பைப் வேற, சிகரெட் வேற சார், இது தியானம் மாதிரி’ என்பவர்கள். இன்னொரு கோஷ்டி ஒழுக்கவாதிகள். ‘அந்தக் கருமத்துல என்னய்யா இருக்கு?’ என்று கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்காதவர்கள். இரண்டாவது கோஷ்டியிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் அவர்கள் கேட்பது நல்ல கேள்வி. அப்படி என்னதான் இருக்கிறது?

நிறையவே இருக்கிறது. முதலில் எடை. நீண்ட தண்டுள்ள குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு வேலையும் செய்ய முடியாது. தண்டின் கோடியில் இருக்கும் கிண்ணம் நெம்புகோல் மாதிரி தாடையைக் கீழே இழுக்கும். ஒரு கை எப்போதும் முட்டுக்கொடுக்க வேண்டும். குட்டைக் குழாயில் எடை முழுக்க தாடையை ஒட்டியே இருப்பதால் கடித்தபடியே நேரம் போவது தெரியாமல் இருக்கலாம். இரண்டு கையும் சும்மா இருக்கும். சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியாது.

அடுத்து மணம். பைப்பில் ஒரு அநியாயம் உண்டு. பிடிக்கிறவனைவிடப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்குத்தான் வாசனை நன்றாகத் தெரியும். குட்டைக் குழாய் இதைக் கொஞ்சம் சரிசெய்கிறது. கிண்ணம் மூக்குக்கு நேர் கீழே இருப்பதால் வர்ஜீனியா இலையின் வைக்கோல் வாசனையும், லதாக்கியா என்கிற புகைபோட்டுப் பதப்படுத்திய இலையின் விறகடுப்பு வாசனையும் பிடிக்கிறவனுக்கே முதலில் வந்து சேர்கின்றன. கூடவே கதகதப்பு. குளிர்காலக் காலையில் உள்ளங்கைக்கும் மூக்கு நுனிக்கும் அது தருகிற இதத்தை வேறு எப்படியும் விளக்க முடியாது.

பிறகு அந்தச் சடங்கு. அடியில் தளர்வாக, மேலே போகப்போக இறுக்கமாக இலையை நிரப்ப வேண்டும். ஒருமுறை பற்றவைத்தால் இலை உப்பி மேலெழும். அதை மெதுவாக அமுக்கிவிட்டு மறுபடி பற்றவைக்க வேண்டும். அதன்பின் உறிஞ்சக் கூடாது, சூடான காபியைச் சப்புகிற மாதிரி சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் கிண்ணம் கொதிக்கும், நாக்கு எரியும். அவசரக்காரனுக்கு உடனுக்குடன் தண்டனை தருகிற பொருள்கள் உலகத்தில் குறைவு. நானும் பிடித்துப் பார்த்திருக்கிறேன், சொல்வது கேள்விஞானம் அல்ல. ‘அதில் ஒன்றுமில்லை’ என்பவர் பொய் சொல்கிறார், அல்லது தெரியாமல் பேசுகிறார்.

இனி பக்தர்களிடம் வருகிறேன். அவர்களோடுதான் கணக்கு பெரிது.

பைப் என்றாலே அவர்களுக்குப் புத்தக அலமாரி, சாய்வு நாற்காலி, தத்துவப் பேராசிரியர். குட்டைக் குழாயின் வரலாற்றில் இது எதுவும் இல்லை. இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் களிமண் குழாய்கள் வந்தபோது புகையிலை விலை அதிகம், அதனால் கிண்ணங்கள் சுண்டைக்காய் அளவுதான். இலை மலிந்ததும் கிண்ணம் பெருத்தது, தண்டும் நீண்டது. நீளத் தண்டு ஓய்வின் அடையாளம். அதை வைத்துக்கொண்டு விடுதியில் உட்கார்ந்துதான் பிடிக்க முடியும். குட்டைத் தண்டு உழைப்பவர்களுடையது. ஸ்காட்லாந்தில் அதற்குக் ‘கட்டி’ என்று பெயர், குட்டை என்றுதான் பொருள். அயர்லாந்தில் ‘டுடீன்’. துறைமுகக் கூலிகளும் மீனவர்களும் கிழவிகளும் பிடித்தது அது. கையில் கயிறோ கடப்பாரையோ இருந்ததால் அவர்களுக்குக் குட்டைக் குழாய் தேவைப்பட்டது. அதில் தியானம் ஏதும் கிடையாது, வேலை நேரத்தில் கிடைத்த ஒரே ஆறுதல்.

இந்த வர்க்க வித்தியாசம் மண்ணிலும் எலும்பிலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கிறது. 1954-இல் ஜே. சி. ஹாரிங்டன் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர், அகழாய்வில் கிடைத்த களிமண் தண்டுகளின் துளை விட்டம் காலப்போக்கில் ஒரே சீராகச் சிறுத்துக்கொண்டே வந்ததைக் கண்டுபிடித்தார். பின்னர் லூயிஸ் பின்ஃபோர்ட் அதை ஒரு நேர்கோட்டுச் சமன்பாடாகவே எழுதினார். அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு துளை குறைய சுமார் 38 ஆண்டுகள். ஒரு கூடை உடைந்த தண்டுகளின் துளையை அளந்தால் அந்த வீட்டில் எந்தக் காலத்தில் ஆள் இருந்தார்கள் என்று சொல்லிவிடலாம். என்னைப் போன்ற மென்பொருள் ஆசாமிக்கு இது தேன். ஆனால் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியோடு அந்தச் சமன்பாடு வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிந்தைய குட்டைக் குழாய்க்காரர்களின் பதிவு வேறிடத்தில் இருக்கிறது: பல்லில். லண்டனின் பழைய ஏழைகளின் இடுகாடுகளைத் தோண்டியவர்கள் மண்டையோடுகளில் வட்டமான ஓட்டைகளைப் பார்த்தார்கள். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் இடத்தில், களிமண் தண்டு அராவி அராவி ஏற்படுத்திய துளை. வாயை மூடினாலும் மூடாத ஒரு ஜன்னல். கைக்குக் கிடைத்த விடுதலைக்குப் பல் கொடுத்த விலை அது.

பல் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. குட்டைத் தண்டின் பொறியியலைக் கொஞ்சம் பார்ப்போம். இலை எரியும்போது புகையோடு நீராவியும் வருகிறது. தண்டு நீளமாக இருந்தால் அந்தப் பாதையில் சூடு குறையும், நீராவி சுவரில் படிந்து நிற்கும், தாரின் ஒரு பகுதியும் அங்கேயே தங்கும். தண்டைக் குறைத்தால் இந்த மூன்று வேலைக்கும் இடமில்லை. சூடும் ஈரமும் நேராக நாக்குக்கு வருகின்றன. பைப்காரர்கள் ‘நாக்குக் கடி’ என்று சொல்வதன் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி புகையின் காரத்தன்மை. குழாய்க்குள் எச்சில் சேர்ந்து களகளவென்று சத்தம் போடும். புகை கண்ணில் ஏறும். களிமண்ணாக இருந்தால் உதட்டில் ஒட்டிக்கொண்டு தோலைப் பிய்த்துக்கொண்டு வரும், அதனால்தான் வாய்முனையில் மெழுகு தடவி விற்றார்கள்.

இதற்கெல்லாம் பக்தர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. மூன்று வாதங்கள். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் வாதம், ‘நாங்க உள்ள இழுக்கறதில்ல’. என்னோடு வேலை பார்க்கும் ஒரு தம்பி சிகரெட்டை விட்டுவிட்டு ப்ரையர் மரத்தில் செய்த குட்டை பைப் ஒன்று வாங்கியிருக்கிறான். ‘அண்ணா, இது சும்மா வாயில வச்சு விடறதுதான், நுரையீரலுக்கே போகாது’ என்றான். அவன் பிடிப்பதை நின்று பார்த்தேன். ஒவ்வொரு இழுப்பும் நெஞ்சுக்குள் போய்த்தான் வெளியே வருகிறது. பத்து வருடம் சிகரெட்டில் பழகிய நெஞ்சு குழாயை மாற்றியதும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. சிகரெட்டிலிருந்து பைப்புக்கு மாறுகிறவர்கள் தொடர்ந்து உள்ளிழுப்பது மருத்துவ உலகம் அறிந்த விஷயம். சரி, இழுக்கவே இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பல பைப் புகையிலைகளின் புகை காரத்தன்மை உடையது என்பதால் நிகோடின் வாயின் தோல் வழியாகவே இரத்தத்தில் ஏறிவிடும். உள்ளே இழுக்கத் தேவையில்லாத அளவுக்கு அது வாய்க்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்கிறது என்பதுதான் இதன் அர்த்தம். வாய் என்ன, யாரோ ஒருவருடைய உறுப்பா?

இரண்டாவது வாதம் படித்தவர்களுடையது. 1964-இல் அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி லூதர் டெர்ரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கை, பைப் பிடிப்பவர்களின் மொத்த இறப்பு விகிதம் பிடிக்காதவர்களைவிட அதிகம் என்றே சொல்லமுடியாத அளவில் இருப்பதாகச் சொன்னது. உண்மை, சொன்னது. ஆனால் அதே அறிக்கைதான் பைப் பிடிப்பது உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணம் என்பது நிறுவப்பட்டதாகத் தோன்றுகிறது என்றும் சொன்னது. அந்த வரியை யாரும் எனக்கு மேற்கோள் காட்டியதில்லை. அது புதிய செய்தியும் இல்லை. 1795-லேயே ஸோமெரிங் என்ற ஜெர்மன் உடற்கூறியலாளர் பைப் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று வருவதைக் கவனித்து எழுதிவிட்டார். மேலும், மொத்த சராசரி என்பது பல விஷயங்களை மறைக்கும் போர்வை. சர்வரின் சராசரி வேகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நூற்றில் ஒரு வாடிக்கையாளரைச் சாகடிக்கலாம் என்பது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். 2004-இல் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் பெரிய தொடர் ஆய்விலிருந்து, பைப் மட்டுமே பிடித்த ஆண்களைத் தனியே பிரித்துப் பார்த்தார்கள். புகையிலையே தொடாதவர்களோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றால் இறப்பது சுமார் 5 மடங்கு. குரல்வளை, வாய், உணவுக்குழாய் எல்லாவற்றிலும் அதிகம். சிகரெட்டைவிடக் குறைவுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிகரெட்டைவிடக் குறைவு என்பது ஒரு பொருளுக்குக் கொடுக்கக்கூடிய மிக மட்டமான நற்சான்றிதழ்.

மூன்றாவது வாதம் கதை. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வாழ்நாள் முழுக்க பைப் பிடித்தார், 97 வயது வாழ்ந்தார். அதோடு விடமாட்டார்கள். 1948-இல் நார்வேயில் டிரோன்ட்ஹெய்ம் அருகே அவர் போன கடல்விமானம் விபத்துக்குள்ளாகி 19 பேர் இறந்தார்கள். ரஸ்ஸல் புகைபிடிப்போர் பகுதியில் உட்கார்ந்திருந்ததால் பிழைத்தார். பார்த்தீர்களா, பைப் உயிரைக் காப்பாற்றியது! நல்ல கதை, எனக்கும் பிடிக்கும். ஆனால் தர்க்கத்துக்கே அஸ்திவாரம் போட்ட ஒரு மனிதரை வைத்து இப்படியொரு தர்க்கப் பிழையைச் செய்வது அவருக்கு அவமானம். வாய்ப்புற்றில் 55 வயதில் போன துறைமுகக் கூலியின் கதையைச் சொல்ல யாரும் இல்லை. அவன் புத்தகம் எழுதவில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எல்லாப் போர்களும் பாதுகாப்பானவைதான்.

சூடும் தூரமும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெகுதூரம் போகவேண்டாம். ஆந்திரக் கடலோரத்தில் சில பெண்கள் சுட்டா என்ற சுருட்டை எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிப்பார்கள். அங்கே மேலண்ணப் புற்று வருவதை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பதிவுசெய்து வருகிறார்கள். கங்கை வாயை நோக்கி நகர்த்திக்கொண்டே போனால் பாதை முடிகிற இடம் அது. குட்டைக் குழாய் அந்தப் பாதையில் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் திசை அதுதான்.

இதைப் படித்து ஒழுக்கவாதிகள் கைதட்ட வேண்டாம். அந்தத் தம்பி என் பேச்சைக் கேட்டான் என்றால் அதற்குக் காரணம், அவனுடைய குழாயை வாங்கி முகர்ந்து ‘நல்ல இலைடா’ என்று நான் முதலில் சொன்னதுதான். ‘அதில் ஒன்றுமில்லை’ என்று தொடங்குகிறவனை, அதில் ஏதோ இருக்கிறது என்று நாக்கிலேயே அறிந்தவன் எப்படி நம்புவான்? முதல் வாக்கியம் பொய்யென்று தெரிந்துவிட்டால் இரண்டாவதாகச் சொல்லும் புற்றுநோயையும் அவன் பொய்க்கணக்கில்தான் எழுதுவான். பாக்கெட்டில் அச்சடித்த பயங்கரப் படங்களை அவன் பார்க்காமல் பழகிக்கொண்டது இப்படித்தான்.

குட்டைக் குழாய் ஏமாற்றுப் பொருள் அல்ல. எது சுகம், எது கேடு என்பதை அது ஒளித்துவைக்கவே இல்லை. இரண்டும் ஒரே நான்கு அங்குலத்தில் இருக்கின்றன, ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை வைத்துக்கொள்ள முடியாது. பிடிப்பதும் விடுவதும் வயதுவந்தவனின் முடிவு. ஆனால் அந்தக் குழாயை ஒருவன் கையில் கொடுக்கிறவன் இரண்டு பெயரையும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும். மூக்குச்சூடேற்றி என்று மட்டும் சொல்லி விற்கிறவனுக்குத் தமிழில் வேறு பெயர்கள் உண்டு.