நாய்க்கு ஒரு கந்தோர், நமக்கென்ன?

ரொறொன்ரோவில் எங்கள் சனம் கூடுகிற இடத்தில் மாநகரசபையைப் பற்றிக் கதை வந்தால் மூன்று விசயம்தான் வரும். வீட்டு வரி, குப்பை, பனி அள்ளுதல். இன்றைக்கு நான்காவதாக ஒன்றை எழுதுகிறேன். விலங்கு சேவைகள் பிரிவு. சிரிக்க வேண்டாம். "ஊரிலை மனிசருக்கே ஒண்டும் செய்யாத அரசாங்கத்திட்டை இருந்து ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நாயின்ரை நிர்வாகத்தைப் பற்றி எழுதப் போறியோ?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். ஓம், எழுதத்தான் போகிறேன். வாக்கில்லாத, வரி கட்டாத, முறைப்பாடு செய்யத் தெரியாத உயிர்களைக் கவனிக்கிற பிரிவு அது. ஒரு நகரம் யாரும் கேட்காத இடத்தில் தன் வேலையை எப்படிச் செய்கிறது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை.

2015 யூலையில் நடந்த கதை பலருக்கு ஞாபகம் இருக்கும். யங் வீதியும் சேர்ச் வீதியும் சந்திக்கிற இடத்தில் நடைபாதையில் ஒரு ரக்கூன் செத்துக் கிடந்தது. காலையிலேயே மாநகரசபைக்கு அறிவித்துவிட்டார்கள். பகல் முழுக்க யாரும் வரவில்லை. போகிற வருகிற சனம் பூ வைத்தது, மெழுகுதிரி கொளுத்தியது, சட்டம் போட்ட படம் வைத்தது, கொன்ராட் என்று பெயரும் வைத்தது. இரவுதான் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். உலகமெல்லாம் சிரித்தது.

நானும் சிரித்தேன். ஆனால் அந்தத் தாமதத்தைப் பிழை என்று சொல்ல மாட்டேன். அதே நேரத்தில் எங்கேயாவது ஒரு நாய் ஒரு பிள்ளையைக் கடித்திருந்தால் வண்டி அங்கேதான் முதலில் போகவேண்டும். செத்த ரக்கூன் காத்திருக்கலாம். கேள்வி வேறு. எது முதலில், எது பிறகு, எதற்கு எவ்வளவு நேரத்தில் வருவோம் என்று சனத்துக்கு விளங்கும்படி சொல்லியிருக்கிறார்களா? சொன்ன நேரத்துக்கு எத்தனை தடவை போனோம், எத்தனை தடவை போகவில்லை என்று மாதம் ஒருமுறை கணக்குக் காட்டுகிறார்களா? நிர்வாகம் என்பது இதுதான். வண்டியை இரண்டு மடங்காக்குவது பிறகு பார்க்கவேண்டிய வேலை.

அடுத்தது, யாரைக் கூப்பிடுவது என்ற குழப்பம். ஒரு நாய் கடித்தால் நாயை விசாரிப்பது மாநகரசபையின் விலங்கு சேவைகள் பிரிவு. கடிபட்டவருக்கு விசர்நோய் வருமா என்று பார்ப்பது பொதுச் சுகாதாரப் பிரிவு. ஒருவர் தன் நாயைப் பட்டினி போட்டு அடித்தால் அது மாகாண அரசின் விசயம். முன்பு அந்த வேலையை ஒன்ராறியோவின் விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் செய்தது. 2019 இல் அவர்கள் சட்ட அமுலாக்கத்தில் இருந்து விலகிவிட்டார்கள். 2020 சனவரி 1 முதல் புதிய சட்டத்தின் கீழ் மாகாணப் பரிசோதகர்கள் செய்கிறார்கள். காயப்பட்ட காட்டு விலங்கை வைத்துப் பராமரிப்பது ஒரு தொண்டு நிறுவனம். பக்கத்து வீட்டு நாய் இரவிரவாகக் குரைத்தால் அது சத்தம் பற்றிய உபவிதி. இங்கே பிறந்து வளர்ந்தவனுக்கே தலை சுற்றும். ஆங்கிலம் தடுமாறுகிற ஒரு அம்மம்மா என்ன செய்வார்?

என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஸ்காபரோவில் நான் முன்பு இருந்த தொடர்மாடியில் ஒரு அம்மா. வன்னியில் இருந்து மகளிடம் வந்தவர். மின்தூக்கிக்குப் பக்கத்தில் ஒருவருடைய நாய் காலில் கடித்துவிட்டது. இரத்தம். மகள் வேலைக்குப் போய்விட்டார். அம்மா மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பின்னேரம் மகள் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, "கதவிலை அடிபட்டது" என்று சொல்லிவிட்டார். ஏன் அம்மா அப்பிடிச் சொன்னனீங்கள் என்று பிறகு கேட்டேன்.

"தம்பி, நாய்க்காரன் பொலிசுக்குப் போவான். பிறகு கேஸ் எண்டு வரும். எனக்கு இன்னும் பேப்பர் சரிவரேல்லை."

கடித்தது நாய். பயந்தது கடிபட்டவர். எங்கள் சனத்துக்கு அரசாங்கக் கந்தோர் என்றால் இப்படித்தான். சீருடை போட்ட ஒருவர் வீட்டுக்கு வந்து பெயர் கேட்டால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரிந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நல்லகாலம், மகள் விசயத்தை அறிந்து அடுத்தநாளே வைத்தியருக்கு உண்மையைச் சொன்னார். ஒன்ராறியோவில் விலங்குக் கடியை வைத்தியர் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்கவேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் வெளியே விடாமல் அவதானிப்பார்கள். அவ்வளவுதான். குடிவரவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த நாய் சுகமாக இருந்தது, அம்மாவும் சுகமாக இருக்கிறார்.

கனடாவில் விசர்நோய் எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 2015 டிசம்பரில் ஹமில்ரனில் ரக்கூன் விசர்நோய் திரும்ப வந்தது. 2024 இல் ஒன்ராறியோவில் ஒரு பிள்ளை விசர்நோயால் இறந்தது. வௌவாலில் இருந்து தொற்றியது. 1967 க்குப் பிறகு இந்த மாகாணத்திலேயே ஒருவருக்குத் தொற்றிய முதல் சம்பவம் அது. அறிகுறி வந்துவிட்டால் இந்த நோய்க்கு மருந்து இல்லை என்றே சொல்லலாம். ஆகவே கடியை ஒளிக்கிற ஒவ்வொரு வீடும் ஒரு ஆபத்து. அந்த வீட்டுக்கு அதன் மொழியில் விசயத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நான் உபகாரமாகப் பார்க்கவில்லை. அது விலங்கு சேவைப் பிரிவின் வேலை. 311 க்கு எடுத்தால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம் என்பது எங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இனிக் காசு விசயத்துக்கு வருகிறேன். ரொறொன்ரோவில் நாய்க்கும் பூனைக்கும் வருடா வருடம் அனுமதிப்பத்திரம் எடுக்கவேண்டும். சட்டம் அப்படித்தான். நடைமுறையில் எடுப்பவர்கள் குறைவு. 2011 இல் மாநகரசபையின் கணக்காய்வாளர் நாயகம் இந்தப் பிரிவை ஆராய்ந்து, அனுமதிப்பத்திர இலக்குகளை இன்னும் உயர்த்தவேண்டும் என்று ஒரு அறிக்கையே கொடுத்தார். ஏன் சனம் எடுப்பதில்லை? "எனக்கு அதாலை என்ன பிரியோசனம்?" என்ற கேள்விக்கு ஒழுங்கான பதில் இல்லை. தண்டம் வரும் என்ற பயம் மட்டும்தான் பதில் என்றால், பிடிபடும்வரை யாரும் எடுக்கமாட்டார்கள்.

இதே நாட்டில் கல்கரி வேறு வழியில் போனது. 2000 முதல் 2012 வரை அங்கே அந்தப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பில் புரூஸ். அவருடைய வழி மிகச் சாதாரணமானது. அனுமதிப்பத்திரம் என்பது உங்கள் நாய் வீடு திரும்புவதற்கான பயணச்சீட்டு என்றார். இலக்கத்தகடு போட்ட நாய் தெருவில் பிடிபட்டால், முதலில் அதைக் காப்பகத்துக்குக் கொண்டு போவதில்லை. வண்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். பத்திரம் எடுத்தவர்களுக்குக் கடைகளில் விலைக்கழிவு வாங்கிக் கொடுத்தார்கள். எடுக்காதவர்களுக்கு 250 டொலர் தண்டம். ஒரு கையில் இனிப்பு, மற்றக் கையில் பிரம்பு. அவருடைய காலத்தில் அங்கே நாய்களில் ஏறக்குறைய 90 வீதம் பதிவாகியிருந்தன. பிரிவின் செலவை வரிப்பணத்தில் இருந்து எடுக்காமல் பத்திரக் கட்டணத்தாலும் தண்டப்பணத்தாலும் நடத்தினார்கள். பூனைப் பத்திரக் காசை வைத்து, வசதியில்லாதவர்களின் விலங்குகளுக்கு இலவசமாகக் கருத்தடை செய்தார்கள். நாயின் இனத்தைப் பார்த்துத் தடை போடவில்லை, அதன் நடத்தையைத்தான் பார்த்தார்கள். ஒன்ராறியோவோ 2005 இல் பிற் புல் வகைகளைத் தடை செய்தது.

கல்கரி சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. 2022 யூனில் அங்கே தன் வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு வயதான அம்மாவை நாய்கள் கடித்துக் கொன்றன. எந்த முறையும் முழுக்கக் காப்பாற்றாது. ஆனால் பதிவு செய்த நாய்க்கு ஒரு வீடும் ஒரு பொறுப்பாளரும் உண்டு. கடித்தால் யாரைக் கேட்பது என்று தெரியும். பதிவில்லாத நாய் யாருடைய நாயும் இல்லை.

எங்கள் ஊருக்கும் இது புதிய விசயம் இல்லை. இலங்கையில் விசர்நோய்ச் சட்டம் 1893 இல் வந்தது. நாய்களைப் பதியும் சட்டம் 1901 இல் வந்தது. சட்டம் நூறு வருடத்துக்கு மேலாக இருந்தும் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நாய்பிடிகாரரும் சுருக்குக் கயிறும்தான். 2006 இல் கொல்லுவதை நிறுத்தி, தடுப்பூசியும் கருத்தடையும் என்று அரசாங்கம் மாறியது. 1970 களில் வருடத்துக்கு 300 பேருக்கு மேல் விசர்நோயால் செத்த நாட்டில் இப்போது அந்தத் தொகை சில பத்துக்களுக்குள் வந்துவிட்டது. நாய்களில் 70 வீதத்துக்கு ஊசி போட்டால் நோய் அடங்கும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எத்தனை நாய் இருக்கிறது என்றே தெரியாத ஊரில் 70 வீதத்தை எப்படிக் கணக்குப் பார்ப்பது? அங்கேயும் இங்கேயும் ஒரே பதில்தான். முதலில் எண்ணு.

இன்னொரு விசயம், இது கொஞ்சம் மனதுக்குப் பாரமானது. காப்பகத்துக்கு வருகிற விலங்கெல்லாம் தெருவில் திரிந்தவை அல்ல. வாடகை கட்ட முடியாமல் வீடு மாறுகிறவர்கள், வைத்தியச் செலவுக்கு வழியில்லாதவர்கள் தாங்களே கொண்டுவந்து ஒப்படைப்பவையும் உண்டு. ஒன்ராறியோவில் வாடகை ஒப்பந்தத்தில் 'விலங்கு வளர்க்கக்கூடாது' என்று எழுதினாலும் அந்த வரி சட்டப்படி செல்லாது. ஆனால் வீடு தேடுகிறவருக்கு அது எங்கே தெரியப்போகிறது? 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு நடந்த சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆடு மாட்டை அவிழ்த்துவிட்டு, நாயைப் படலைக்குள் விட்டுவிட்டுத்தான் வந்தோம். கொஞ்சத் தூரம் பின்னாலே வந்துவிட்டுத் திரும்பிய நாய்களும் உண்டு. வீட்டை இழக்கிறவன் தன் வீட்டு உயிரையும் இழக்கிறான் என்பது எங்களுக்குப் புத்தகத்தில் படித்த விசயமில்லை. ஒரு மாதத்துக்கு அந்த நாயை வைத்துப் பார்க்க, ஒரு பை சாப்பாடு கொடுக்க, வைத்தியச் செலவில் கொஞ்சம் பொறுக்க ஒரு பிரிவால் முடிந்தால், காப்பகத்தில் ஒரு கூடு மிஞ்சும். கூடு கட்டுவதை விட அது மலிவு.

ஆக நான் கேட்பது நாலே விசயம். எது முதலில், எவ்வளவு நேரத்தில் என்று எழுதிப் போடுங்கள். எத்தனை விலங்கு வந்தது, எத்தனை வீடு திரும்பியது, எத்தனை தத்துப் போனது, எத்தனையைக் கருணைக்கொலை செய்தீர்கள் என்று மாதாமாதம் மறைக்காமல் சொல்லுங்கள். பத்திரத்தைத் தண்டமாக விற்காமல் சேவையாகக் கொடுங்கள். தமிழ்க்கடை வாசலிலும் கோயில் திருவிழாவிலும் மேசை போட்டு எங்கள் மொழியில் கதையுங்கள்.

எங்கள் பக்கத்திலும் வேலை இருக்கிறது. இப்போது எங்கள் பிள்ளைகள் நாயும் பூனையும் கேட்கிறார்கள், நாங்களும் வாங்கிக் கொடுக்கிறோம். கருத்தடை செய்த நாய்க்குப் பத்திரம் எடுக்கிற காசு, ஒரு பெரிய பை நாய்ச்சாப்பாட்டின் விலை வராது. எடுத்துவிடுங்கள். மூன்று மாதத்துக்கு மேற்பட்ட நாய்க்கும் பூனைக்கும் விசர்நோய் ஊசி கட்டாயம், போட்டுவிடுங்கள். கடித்தால் ஒளிக்காதீர்கள். நாலு வருடத்துக்கு ஒருமுறை வாக்குக் கேட்டுப் பொங்கல் விழா மேடைக்கு வருகிற நகரசபை வேட்பாளரிடம், வீட்டு வரியோடு சேர்த்து இதையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எங்களிடம் இருந்து இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.