எழுத்து வரமா? படிப்பா?

கதையும் கவிதையும் எழுதும் சக்தி பிறவியிலேயே வருவது என்றும், அது சரஸ்வதி கடாட்சம் என்றும், காளி அருளினால்தான் காளிதாசன் கவியானான் என்றும் நம் நாட்டில் இன்னும் பேசுகிறார்கள். தச்சு வேலைக்கும் தையல் வேலைக்கும் ஆசான் போதும்; எழுத்து வேலைக்கு மாத்திரம் அம்மன் வேண்டுமோ என்று கேட்கின்றோம்.

அமெரிக்காவில் அயோவா சர்வகலாசாலையில் 1936ஆம் வருஷத்திலேயே எழுத்துப் பட்டறை ஏற்பட்டுவிட்டது. அங்கு எந்தக் காளியும் வந்து பாடம் நடத்தவில்லை. ஒருவர் எழுதியதை மற்றவர்கள் படித்துக் குறை சொல்லுகிறார்கள். அவர் திருத்தி எழுதுகிறார். இவ்வளவுதான் அந்த வரத்தின் இரகசியம்.

ஆனால் வேலையையும் வீட்டையும் விட்டு இரண்டு வருஷம் அங்கே போய் இருக்கக்கூடியவர் யார்? கைக்குழந்தைக்காரி போக முடியுமா? உழைத்தால்தான் சோறு என்றிருப்பவன் போக முடியுமா? இதற்காகவே வெர்மாண்ட்டிலிருந்த காடார்ட் கல்லூரி 1976இல் ஒரு வழி கண்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை சில நாள் மாத்திரம் கல்லூரியில் தங்குவது. மற்றக் காலத்தில் வீட்டிலிருந்தே எழுதி ஆசிரியருக்கு அனுப்பித் திருத்தம் பெறுவது. லாஸ் ஏஞ்சல்சிலுள்ள ஆண்டியாக் சர்வகலாசாலை 1997இல் இம்முறையை ஏற்று, சமூக நீதியையும் தன் கொள்கையாக வைத்துக்கொண்டது.

“இலக்கியத்தில் சமூக நீதிக்கு என்ன வேலை, அது பிரசாரமல்லவா?” என்று சில பண்டிதர்கள் முகம் சுளிக்கக்கூடும். புராணம் முழுவதும் பிரசாரமாயிருக்க, அது மட்டும் இலக்கியமாம்! ஏழையின் நியாயத்தைப் பேசினால் மாத்திரம் பிரசாரமாம்! இது என்ன யோக்கியமான வாதம்?

நிற்க. நாம் பாராட்டுவதோடு நின்றுவிட முடியாது. முழு நேரமும் வந்து தங்கிப் படிக்கும் பள்ளிகள் பலவற்றில் சம்பளத் தள்ளுபடியும் உதவிப் பணமும் கிடைக்கின்றன. வேலையை விட முடியாமல் வீட்டிலிருந்து படிப்பவர்களோ பெரும்பாலும் தம் பணத்தைக் கட்டவேண்டும், அல்லது கடன் வாங்கவேண்டும். அதாவது, வர முடிந்தவனுக்கு உதவி. வர முடியாதவனுக்குக் கடன். இதுதானா சமூக நீதி? பிறப்பைக் காட்டிக் கதவடைத்தால் அது வருணாசிரமம். பணப்பையைக் காட்டிக் கதவடைத்தால் அதற்கு வேறு பெயரா?

அந்தக் காடார்ட் கல்லூரியே 2024இல் மூடப்பட்டுவிட்டது. 1970களின் தொடக்கத்தில் 1,900க்கு மேற்பட்ட மாணவர் இருந்த இடத்தில் கடைசியில் சுமார் 220 பேரே இருந்தனர். சேருவோர் கட்டும் பணத்தை நம்பியே நடக்கும் கல்லூரி, சேருவோர் குறைந்தால் சாகத்தான் செய்யும். அதன் கொள்கை தோற்றதால் சாகவில்லை. அக்கொள்கையின் செலவைப் பொதுமக்கள் பணம் ஏற்காததால் செத்தது.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். எழுத்து கற்கக்கூடியது என்று ஒப்புக்கொண்டபின், அதை எல்லோருக்கும் கற்பிப்பது சர்க்காரின் கடமையாகும். செலவைச் சர்க்கார் ஏற்காதவரை, சமூக நீதி என்பது கல்லூரி வாசற்பலகையில் எழுதிய எழுத்தாக இருக்குமேயன்றி, அந்த வாசலுக்குள் ஏழையை விடும் சாவியாக இருக்காது.