வீடு திரும்பத்தான் தியானம்

கேரளத்தில் சாலக்குடிக்கு அருகே முரிங்ஙூரில் உள்ள கத்தோலிக்கத் தியான மையத்துக்குத் தமிழர்களும் போகிறார்கள். வின்சென்ஷியன் சபைக் குருக்கள் நடத்தும் இந்த மையத்தில் மலையாளத்தோடு தமிழ், இந்தி, ஆங்கிலத்திலும் தியானங்கள் நடக்கின்றன. பக்கத்து ரயில் நிலையத்தின் பெயரே டிவைன் நகர்.

இத்தகைய மையங்களுக்கு மூட்டை கட்டுகிறவர்களைக் கேட்டால் காரணங்கள் தயாராக இருக்கும். கணவன் குடியை விட வேண்டும். டாக்டர் கைவிரித்த நோய் தீர வேண்டும். மகளுக்கு வரன் அமைய வேண்டும். துயரத்தோடு போகிறவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தியான இல்லம் என்ற ஏற்பாட்டின் நோக்கம் வேறு. ஒரு மனிதன் தன் வாழ்க்கையை நிதானமாகப் பார்த்து, கடவுள் முன் ஒரு முடிவுக்கு வருவதற்கான இடம் அது. தமிழ்க் கத்தோலிக்கர்களின் பழைய சொல்லான 'ஞான ஒடுக்கம்' இதைத்தான் சொல்கிறது.

இந்த ஒடுக்கத்துக்கு ஓர் ஒழுங்கு வகுத்தவர், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார். 1521இல் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்த ஸ்பானிய வீரர். அடுத்த ஆண்டு மன்ரேசா என்ற ஊரில் தனிமையிலும் ஜெபத்திலும் கழித்த மாதங்களில் அவர் எழுதத் தொடங்கிய குறிப்புகளே 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலாயின. 1548இல் போப்பின் ஒப்புதலோடு அது அச்சானது. முழுப் பயிற்சிக்குச் சுமார் 30 நாள்.

இன்று படித்தாலும் வியப்பூட்டுவது, பயிற்சி கொடுப்பவருக்கு அந்த நூல் போடும் கடிவாளம். அவர் எந்தப் பக்கமும் சாயாமல் தராசு முள் போல நடுவில் நிற்க வேண்டும். துறவியாகப் போ என்றுகூடத் தூண்டக் கூடாது. பக்திப் பரவசத்தில் இருப்பவர் அவசரப்பட்டு நேர்ச்சையோ வாக்குறுதியோ செய்யப் போனால் எச்சரிக்க வேண்டும். மனம் சோர்ந்து கிடப்பவர், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை அப்போது மாற்றக் கூடாது. வேலையை விட்டு வர முடியாதவர்களுக்கும் வழி உண்டு: அன்றாடம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, இருந்த இடத்திலேயே செய்யலாம். ஆக, கட்டடமும் தோட்டமும் வசதிகள்தான்.

இந்த நிதானத்துக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. 1946 செப்டம்பர் 10 அன்று கல்கத்தாவிலிருந்து டார்ஜிலிங்குக்கு வருடாந்திரத் தியானத்துக்காக ரயிலில் போய்க்கொண்டிருந்தார் லொரேட்டோ சபைக் கன்னியாஸ்திரி ஒருவர். வயது 36. மடத்தை விட்டு வெளியேறி ஏழைகளிடையே வாழும்படி கடவுள் தன்னை அழைப்பதாக அந்தப் பயணத்தில் உணர்ந்தார். அவர்தான் அன்னை தெரசா.

தியானம் முடிந்ததும் அவர் தெருவில் இறங்கிவிடவில்லை. அவருடைய ஆன்மிக வழிகாட்டியான இயேசு சபைக் குரு வான் எக்ஸெம், பொறுத்திருக்கச் சொன்னார். பேராயர் பெரியேவும் காக்க வைத்தார். வாடிகனின் அனுமதி கிடைத்து அவர் மடத்தை விட்டு வெளியேறியது 1948 ஆகஸ்டில். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள்! பரவசம் வடிந்த பிறகும் அந்த அழைப்பு நிலைத்து நின்றது.

தியானத்துக்குப் புறப்படும் முன் எந்த மையத்தைப் பற்றியும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். அழுது உருகி நிற்கும் நேரத்தில் மருந்தை நிறுத்துகிறேன், நகையைக் காணிக்கையாகக் கொடுக்கிறேன், மடத்தில் சேர்கிறேன் என்று ஒருவர் சொன்னால், 'வீட்டுக்குப் போய் யோசித்து வா' என்று சொல்ல அங்கே ஆள் இருக்கிறதா? முடித்துத் திரும்புகிறவர் தன் குடும்பத்தையும் கடமையையும் முன்பைவிட நன்றாகப் பார்க்கிறாரா, அல்லது அடுத்த தியானத்துக்கு நாள் எண்ணுகிறாரா?

இரண்டுக்கும் நல்ல பதில் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே தினம் ஒன்றரை மணி நேரம் போதும். இஞ்ஞாசியாரே அனுமதித்திருக்கிறார்.