இலவசப் படிப்பின் விலை

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நமது தெரு நண்பர் ஒருவர் கக்கத்தில் பழைய தோல் பையுடன் வந்து சேர்ந்தார். தபால் இலாகாவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர், பரம சாது. அவருக்குப் பின்னால் என்ஜினீயரிங் பாஸ் செய்த மகனும் வந்து நின்றான்.

"வீட்டை அடமானம் வைக்கலாமென்று உத்தேசம், ஸார். பையன் மேல் படிப்புக்கு ஜெர்மனி போகிறான்" என்றார்.

"ஜெர்மனியில் படிப்புக்குச் சம்பளம் இல்லை என்கிறார்களே! வீடு எதற்காக அடமானத்துக்குப் போக வேண்டும்?" என்று கேட்டோம்.

"எனக்கும் அதுதான் விளங்கவில்லை. ஏஜெண்டு ஒருவர் எல்லாம் இலவசம் என்றார். அப்புறம் ஒரு ஜாபிதா கொடுத்தார். அதில் 'மொத்தம்' என்ற இடத்தில் என் வீடு உட்கார்ந்திருக்கிறது!"

நண்பரின் நிலைமை எத்தனையோ குடும்பங்களின் நிலைமைதான். ஆகவே விஷயத்தைச் சற்று விவரமாகவே பார்ப்போம்.

ஏஜெண்டு சொன்னது முழுப் பொய்யல்ல. ஜெர்மனியின் சில மாகாணங்கள் 2006-ம் வருஷத்துக்குப் பிறகு அரை வருஷத்துக்கு 500 யூரோ வீதம் சம்பளம் வசூலித்துப் பார்த்தன. ஜனங்கள் எதிர்த்தார்கள். 2014-க்குள் எல்லா மாகாணங்களும் அதை எடுத்துவிட்டன. அரசாங்க சர்வகலாசாலைகள் பெரும்பாலானவற்றில் அந்நிய மாணவர்களுக்கும் இன்று சம்பளம் கிடையாது. அரை வருஷத்துக்கு ஒரு முறை சில நூறு யூரோ சந்தா மட்டும் உண்டு.

ஆனால் விதிவிலக்குகள் முளைத்து வருகின்றன. பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாணம் 2017 முதல் ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரை வருஷத்துக்கு 1,500 யூரோ விதித்தது. மூனிச் தொழில்நுட்ப சர்வகலாசாலை 2024-ல் இதே பிரிவினருக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை நிர்ணயித்தது. அக்கம் பக்கத்து தேசங்களும் அப்படியே: டென்மார்க் 2006-லும், ஸ்வீடன் 2011-லும், பின்லாந்து 2017-லும், நார்வே 2023-லும் அந்நியருக்குச் சம்பளம் விதித்தன. எனவே "அந்த தேசத்தில் இலவசம்" என்ற பேச்சு போதாது. எந்த சர்வகலாசாலை, எந்தப் படிப்பு என்று பார்த்தே தீர வேண்டும்.

சரி, சம்பளம் இல்லாத இடமே கிடைத்ததென்று வைத்துக்கொள்வோம். வீட்டைக் கேட்பது யார்? வயிறுதான்! ஒரு வருஷ ஜீவனத்துக்குப் பணமிருப்பதைக் காட்டினால்தான் விசா. 2024 செப்டம்பரில் வகுத்த கணக்குப்படி இது 11,904 யூரோ. யூரோ ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று உத்தேசமாக வைத்தாலும் பன்னிரண்டு லட்சத்தை எட்டிவிடுகிறது. இது பையனின் பெயரிலேயே தனிக் கணக்கில் இருக்கும்; மாதம் 992 யூரோவுக்குமேல் எடுக்க முடியாது. யாரும் இதைப் பிடுங்கிக் கொள்வதில்லை. ஆனால் வாடகையும் சாப்பாடும் இன்ஷூரன்ஸும் மாதாமாதம் தின்றுவிடும். அடுத்த வருஷத்துக்கு மறுபடியும் வழி காட்ட வேண்டும்.

"வேலை பார்த்துச் சமாளிக்கலாமே?" என்றான் பையன். சட்டம் 2024 முதல் வருஷத்தில் 140 முழு நாள் வேலைக்கு இடம் கொடுக்கிறது. ஆனால் விசாவுக்குப் பணம் முன்னால், கூலி பின்னால். அதுவும் கடைத்தெருவில் வேலை வேண்டுமானால் ஜெர்மன் பாஷை வேண்டும். மேல் பட்டப் படிப்புகள் பல இங்கிலீஷில் நடக்கின்றன; முதல் பட்டப் படிப்புகளோ பெரும்பாலும் ஜெர்மனில்தான். பன்னிரண்டாம் வகுப்பு தேறியது மாத்திரம் பொதுவாக அவற்றில் நேரே சேரப் போதாது. 2022 நவம்பர் முதல் நம் நாட்டு மாணவர்களின் சான்றிதழ்களை முன்கூட்டியே பரிசோதித்து வாங்கும் அத்தாட்சியும் அவசியமாயிற்று.

மலிவைத் தேடி ஜெர்மனி போவது புதிதல்ல. முதல் உலக யுத்தத்துக்குப் பிறகு மார்க் நாணயம் சரிந்தபோது, வெளிநாட்டுப் பணம் கொண்டு போனவர்களுக்கு அங்கே வாழ்க்கை மலிவாயிருந்தது. அக்காலத்தில் சென்ற ஜாகிர் ஹுசேன் 1926-ல் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்றார். 1967-ல் நமது ராஷ்டிரபதியானார். ராம் மனோகர் லோகியா அதே நகரில் 1933-ல் பட்டம் பெற்றார். ஹுசேன் ஆராய்ந்தது இந்திய விவசாயத்தை. லோகியா ஆராய்ந்தது இந்தியாவின் உப்பு வரியை. எதற்காகப் போகிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. மலிவு என்பது வழிதான், ஊரல்ல.

கணக்கு முடிந்ததும் நண்பர் மகனைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்கிறாய்?"

பையன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இரண்டு வருஷம் இங்கே வேலை பார்க்கிறேன், அப்பா. பாதிப் பணமாவது என்னுடையதாக இருக்கட்டும். சாயங்காலங்களில் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மன் படிக்கிறேன்" என்றான்.

நண்பர் பத்திரத்தைத் தடவி மடித்துப் பைக்குள் வைத்தார். "அவனுடைய அம்மாவும் இதைத்தான் சொன்னாள், ஸார். அவள் ஜாபிதாவெல்லாம் போடவில்லை" என்றார்.