கொழும்பை எரித்தது கருத்து வேறுபாடா?

"அங்கையும் இப்பிடித்தான் துவங்கினது." மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தமிழருக்கு இந்த வசனம் புதிதல்ல. விக்டோரியா அவெனியூவில் மீன் வாங்க நிற்கும்போது கேட்கலாம். பிளமொண்டன் மெட்ரோ வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்கலாம். அரசு ஊழியரில் சில பிரிவினர் மதச் சின்னம் அணிவதைத் தடுக்கும் 21ஆம் சட்டம் 2019இல் வந்தபோது சொன்னார்கள். 2022இல் பிரெஞ்சு மொழி விதிகளை இறுக்கிய 96ஆம் சட்டம் வந்தபோதும் சொன்னார்கள். ஆட்சிக்கு வந்தால் முதல் தவணையிலேயே மூன்றாவது பிரிவினை வாக்கெடுப்பு என்று பார்ட்டி கெபெக்குவா கட்சி வாக்குறுதி கொடுத்த பிறகு, சொல்வது இன்னும் கூடியிருக்கிறது. ஜூலை நினைவுக் கூட்டம் ஒன்றில் ஒருவர் அதை முழுப் பேச்சாகவே விரித்தார். பிளவு முற்றினால் உள்நாட்டுப் போர் வரும், இலங்கையில் வந்தது, அமெரிக்காவில் வரப்போகிறது, கியூபெக்கிலும் வரும், பிள்ளைகளோடு ரொறன்ரோ பக்கம் போய்விடுங்கள் என்றார். மண்டபம் கைதட்டியது.

பல வருடமாகக் கேட்டுக் கேட்டு எனக்குக் கோபம்தான் மிச்சம். கியூபெக்கைப் பற்றி இந்த வசனம் பிழையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இலங்கையைப் பற்றியே அது பிழை. எங்கள் வீடுகளை எரித்தவர்கள் அந்த வசனத்துக்குள் இல்லை. இரண்டு சனம் ஒத்துப்போகவில்லை, பிளவு வளர்ந்தது, போர் தானாக வந்தது என்று அது சொல்கிறது. அப்படிச் சொல்வது கொழும்பில் அன்று ஆட்சியில் இருந்தவர்களுக்கு நாங்களே எழுதிக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம்.

அமெரிக்காவைப் பற்றி ஒரு சொல் போதும். பார்பரா வால்ட்டர் 2022இல் எழுதிய நூலின் தலைப்பை மட்டும் கேள்விப்பட்டவர்கள்தான் அதை மேடையில் இழுக்கிறார்கள். ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை பிடிப்பதை மட்டும் வைத்து அவரே போர் வரும் என்று சொல்லவில்லை. ஜனநாயகம் அரைகுறையாகத் தேய்வதையும், கட்சிகள் இன அடிப்படையில் உறைந்து போவதையும் பற்றித்தான் அவர் எழுதுகிறார்.

கனடா பணக்கார நாடு, அதனால் போரிலிருந்து தப்பியது என்பார்கள். வட அயர்லாந்து பிரித்தானியாவின் ஒரு பகுதி. அங்கே முப்பது வருடத்தில் 3,500 பேரளவில் செத்தார்கள். 1971 ஆகஸ்டில் விசாரணையில்லாமல் அடைத்தார்கள். 1972 ஜனவரி 30 அன்று டெரி நகரில் ஊர்வலம் போனவர்களை இராணுவம் சுட்டது. அன்றே 13 பேர் இறந்தார்கள். பணம் காப்பாற்றவில்லை.

மொழிச் சட்டத்துக்கு வருவோம். இலங்கையில் 1956இன் தனிச் சிங்களச் சட்டமும் கியூபெக்கில் 1977இன் 101ஆம் சட்டமும் ஒன்று என்கிறார்கள். 101 எனக்கும் உவப்பானதல்ல. குடியேறியவரின் பிள்ளை பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்கிறது. ஆனால் மக்கில் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் நடக்கிறது, ஆங்கில மருத்துவமனைகள் நடக்கின்றன. சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் ஆங்கிலத்துக்கு 1867ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 133ஆம் பிரிவு காவலாக இருக்கிறது. அந்தப் பிரிவை மீறிய பகுதியை 1979இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. பிரெஞ்சு மட்டுமே பெயர்ப்பலகையில் இருக்கலாம் என்ற விதியையும் 1988இல் தள்ளியது. கியூபெக் அரசு முரண்டு பிடித்துப் புதிய சட்டம் போட்டது. பிறகு 1993இல் இறங்கி வந்து, பிரெஞ்சு மேலோங்கி இருந்தால் பிறமொழியும் இருக்கலாம் என்று விட்டது. வான் ஹோர்ன் அவெனியூவில் கடை வைத்திருப்பவருக்கு மொழி அலுவலகத்திலிருந்து கடிதம் வரும். அதற்கு அவர் பதில் எழுதலாம், வழக்குப் போடலாம்.

இலங்கையில் நடந்தது வேறு. 1956 ஜூன் 5 அன்று காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழ்த் தலைவர்களைக் காடையர் அடித்தபோது பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. பிரதமரும் தமிழர் தலைவரும் 1957இல் எழுதிய பண்டா-செல்வா ஒப்பந்தத்தை, பிக்குகள் வீட்டு வாசலில் வந்து குந்தியதும், 1958 ஏப்ரலில் பிரதமரே கைவிட்டார். அடுத்த மாதம் தமிழரை வெட்டினார்கள். அதே வருடம் தமிழுக்கென்று ஒரு சட்டம் நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் வந்தது 1966இல். இரண்டு நாட்டிலும் மொழிச் சண்டை இருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போகிறவர், சண்டைக்குப் பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடுகிறார்.

இனித் துப்பாக்கி. கியூபெக்கில் குண்டு வெடிக்கவில்லை என்று நினைப்பவர்கள் 1963 முதல் 1970 வரை உள்ள பத்திரிகைகளைப் புரட்டட்டும். கியூபெக் விடுதலை முன்னணி தபால் பெட்டியில் குண்டு வைத்தது. 1969 பெப்ரவரியில் மொன்றியல் பங்குச் சந்தையில் குண்டு வைத்தது. 1970 ஒக்டோபர் 5 அன்று பிரித்தானிய அதிகாரி ஜேம்ஸ் கிராஸைக் கடத்தினார்கள். ஐந்து நாள் கழித்து மாகாண அமைச்சர் பியேர் லாப்போர்ட்டைக் கடத்தினார்கள். 16ஆம் திகதி ட்ரூடோவின் மத்திய அரசு போர்க்கால நடவடிக்கைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. மறுநாள் லாப்போர்ட்டின் உடல் ஒரு கார் டிக்கியில் கிடைத்தது. இந்த நகரத் தெருக்களில் இராணுவம் நின்றது. பிடியாணை இல்லாமல் ஏறத்தாழ 500 பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். அதில் பெரும்பாலானோரை வழக்கே இல்லாமல் விட்டார்கள். அரசு செய்தது அநியாயம், அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் அமைச்சர் ஒருவர் கொல்லப்பட்ட அந்த வாரம் ரொறன்ரோவில் பிரெஞ்சுக்காரர் வீடு எதுவும் எரியவில்லை. 1983 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட்டார்கள். மறுநாள் இரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கி, கொழும்பு நாட்கணக்கில் எரிந்தது. வந்தவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த இலக்க வீடு தமிழருடையது, மேல்மாடியில் யார், கீழே யார் என்று பார்த்துப் பார்த்து இறக்கினார்கள். பட்டியலை அச்சடித்து வைத்திருப்பது அரசு. அது கும்பலின் கைக்குத் தானாகப் போகாது. வெலிக்கடைச் சிறைக்குள் 25ஆம் திகதியும் 27ஆம் திகதியுமாக 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அதற்காக ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஜனாதிபதி ஜே. ஆர். ஜெயவர்த்தன 28ஆம் திகதி தொலைக்காட்சியில் தோன்றினார். செத்த தமிழருக்கு ஒரு அனுதாபச் சொல் அவர் வாயில் வரவில்லை. இதற்கா கருத்து வேறுபாடு என்று பெயர் வைக்கிறீர்கள்?

ஒரு மனிதரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஜெரால்ட் கோடென், கவிஞர். 1970 ஒக்டோபரில் அள்ளப்பட்டவர்களில் அவரும் ஒருவர். குண்டு வைத்தவரல்ல, பிரிவினை பேசியவர். 1976 தேர்தலில் மெர்சியே தொகுதியில் நின்றார். எதிரே நின்றவர் முதலமைச்சர் ரொபேர் பூராசா. இராணுவத்தை அழைத்தது அவருடைய அரசு. கோடென் வென்றார். முதலமைச்சர் தன் தொகுதியையே இழந்தார். பிறகு கோடென் குடிவரவு அமைச்சராகவும் இருந்தார். எங்கள் முதல் தலைமுறை இந்த மாகாணத்துக்கு வரத் தொடங்கிய காலம் அது. எங்கள் பக்கத்தில் குட்டிமணி. மரண தண்டனைக் கைதி, ஆயுதம் ஏந்தியவர், கோடென் போன்றவரல்ல. அந்த வேறுபாட்டை மறைக்கமாட்டேன். 1982இல் தமிழர் விடுதலைக் கூட்டணி அவரை நாடாளுமன்ற உறுப்பினராக நியமித்தது. பிரமாணம் எடுக்கச் சிறையிலிருந்து விடவில்லை. அடுத்த வருடம் வெலிக்கடையில் முதல் நாளே கொல்லப்பட்டார்.

அதே 1976ஐ இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன், ஏனென்றால் மேடையில் முழங்குபவர்கள் அங்கே போவதே இல்லை. மே 14, வட்டுக்கோட்டை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் தனிநாட்டுத் தீர்மானம். ஆறு மாதம் கழித்து, நவம்பர் 15, கியூபெக்கில் ரெனே லெவெக்கின் கட்சி 110 இடங்களில் 71ஐப் பிடித்தது. அதுவும் தனிநாடு கேட்ட கட்சி. 1977 ஜூலையில் கூட்டணி 18 ஆசனம் பெற்று அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். இரண்டு பேரும் கேட்டது பிரிவினை. இரண்டு பேரும் கேட்டது வாக்குப் பெட்டி வழியாக. பிளவின் ஆழத்தை அளக்க ஒரு கருவி இருந்திருந்தால் அந்த வருடம் மொன்றியலிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரே அளவைக் காட்டியிருக்கும்.

லெவெக்குக்கு என்ன நடந்தது? 1980 மே 20 அன்று வாக்கெடுப்பு நடத்தினார். கிட்டத்தட்ட 60 சதவீதம் எதிராக விழுந்தது. தோற்ற இரவு அழுத ஆதரவாளர் முன்னால் நின்று, அடுத்த முறை பார்ப்போம் என்ற பொருளில் பேசினார். மறு வருடம் தேர்தலில் மீண்டும் வென்றார்.

அமிர்தலிங்கத்துக்கு என்ன நடந்தது? வென்ற அடுத்த மாதமே இனக்கலவரம். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1981இல் ஓர் இரவு யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள். எரித்தது பொலிஸ். அரசின் அமைச்சர்கள் இருவர் அப்போது ஊரில்தான் இருந்தார்கள். 1982 டிசம்பர் 22 அன்று இலங்கையிலும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பொதுத் தேர்தலை நடத்தாமல் இருக்கும் நாடாளுமன்றத்தையே ஆறு வருடம் நீட்டலாமா என்பது கேள்வி. ஆம் என்றால் விளக்கு, இல்லை என்றால் குடம். யாழ்ப்பாணம் குடத்துக்குப் போட்டது. விளக்கு வென்றது. 1983 ஆகஸ்டில், சாம்பல் ஆறுமுன், ஆறாவது திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்று பிரமாணம் செய்யாதவருக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லை. கூட்டணியினர் மறுத்தார்கள், ஆசனங்களை இழந்தார்கள். தமிழர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஆட்களுக்குப் பேச இடமில்லாமல் போன அந்த வருடம்தான் இளைஞர் கூட்டம் கூட்டமாக இயக்கங்களுக்குப் போனார்கள். அமிர்தலிங்கம் 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர்கள் தமிழர். வாக்குப் பெட்டியை மூடியது சிங்கள அரசு. மூடிய பின் பேச்சு யார் கைக்குப் போனது என்பதற்கு அந்தக் கொலை சாட்சி.

1995இல் கியூபெக்கில் நடந்த இரண்டாவது வாக்கெடுப்புக்கு வருகிறேன். ஒக்டோபர் 30, திங்கட்கிழமை. நூற்றுக்கு 93க்கு மேல் வாக்களித்தார்கள். பிரிவினைக்கு எதிராக 50.58, ஆதரவாக 49.42. வித்தியாசம் 54,288 வாக்கு. நிராகரிக்கப்பட்ட வாக்குகளோ 86,501. போர் வரத்தான் வேண்டும் என்றால் இதைவிட எரிபொருள் வேறென்ன வேண்டும்? லவால் பக்கம் சொமேடி தொகுதியில் நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல் தள்ளினார்கள். புள்ளடி சரிந்திருக்கிறது, பென்சில் அழுத்தம் கூடிவிட்டது என்றெல்லாம் காரணம் சொன்னார்கள். தள்ளப்பட்டதில் பெரும்பகுதி எதிர்ப்பு வாக்கு என்று வென்ற பக்கமே சண்டைக்கு வந்தது. தேர்தல் தலைமை அதிகாரி விசாரணை வைத்தார். எண்ணியவர்கள் சிலர்மேல் வழக்கு வந்தது. நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. அவ்வளவும் கடதாசியில் நடந்தது.

அன்றிரவு முதலமைச்சர் ஜாக் பரிசோ மேடையேறி, தோற்றது பணத்தாலும் இன வாக்குகளாலும் என்றார். அந்த இன வாக்கு நாங்கள்தான். பிலிப்பினோ, யூதர், ஹெயிட்டியர், தமிழர் என்று இந்தத் தொகுதியில் உள்ள அத்தனை பேரும். நாட்டின் கனவைக் கெடுத்தவர்கள் இன்னார் என்று முதலமைச்சரே தொலைக்காட்சியில் விரல் நீட்டிய இரவு அது. 1983இல் எங்கள் கடைகளுக்குக் காடையரை அனுப்ப இதில் கால்வாசிப் பேச்சுப் போதுமாக இருந்தது. இங்கே ஒரு கும்பலும் வரவில்லை. அவர் கட்சிக்காரரே அவரைக் கண்டித்தார்கள். மறுநாள் பதவி விலகுவதாக அறிவித்தார். 1998இல் உச்ச நீதிமன்றம், கியூபெக் தன்னிச்சையாகப் பிரிய முடியாது, ஆனால் தெளிவான கேள்விக்குத் தெளிவான பெரும்பான்மை கிடைத்தால் மற்றவர்கள் பேச்சுவார்த்தைக்கு வரக் கடமைப்பட்டவர்கள் என்று சொன்னது. பிரிவினை பேசுவதே குற்றம் என்ற ஆறாவது திருத்தத்தின் பக்கத்தில் வைத்து இதை வாசியுங்கள்.

இங்கே வெறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2017 ஜனவரியில் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் தொழ வந்திருந்த ஆறு பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான். அவன் இன்று சிறையில் இருக்கிறான். பயப்பட வேண்டிய நாள் வந்தால் நானும் பயப்படுவேன். கும்பல் வரும்போது பொலிஸ் திரும்பி நிற்கிறதா, எண்ணிய வாக்கை ஆட்சியில் இருப்பவர் ஏற்க மறுக்கிறாரா, தோற்ற கட்சியை மறுபடி நிற்க விடாமல் சட்டம் போடுகிறார்களா என்று பார்ப்பேன். அண்டை வீட்டுக்காரர் தனிநாட்டுக் கொடி கட்டியிருப்பதைப் பார்த்துப் பயப்படமாட்டேன்.

பிள்ளைகளிடம் இந்தப் பயத்தைக் கொடுப்பதை நிறுத்துங்கள். ஜூலை 83ஐச் சொல்லுங்கள், பெயர்களோடு சொல்லுங்கள், பட்டியலைக் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள். கனேடியக் குடியுரிமையும் 18 வயதும் கியூபெக்கில் ஆறு மாத வதிவும் இருந்தால் இங்கே மாகாணத் தேர்தலிலும் வாக்கெடுப்பிலும் வாக்கு உண்டு. பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லாவிட்டால் பதியுங்கள்.