அறுபத்தோராவது பிள்ளை

ஆபீஸில் நாலு பேர் சேர்ந்து ஹோட்டலுக்குப் போய், பில்லை நாலால் வகுக்கும்போது, வெறும் காபியோடு நிறுத்திக்கொண்டவர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். நெய் ரோஸ்ட்டும் அதன் மேல் ஒரு பாதாம் அல்வாவும் சாப்பிட்டவர் மட்டும் "கணக்குன்னா கணக்குதாம்ப்பா" என்பார். 'தலைக்கு இவ்வளவு' என்கிற வகுத்தல், பார்ப்பதற்கு ரொம்ப நியாயமாக இருக்கும். யார் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்காத வரைக்கும்.

அரசாங்கம் பள்ளிக்கூடங்களுக்குப் பணம் கொடுப்பதிலும் இந்தத் தலைக்கணக்குதான். கொஞ்சம் கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2018-ல் ஆரம்பித்த சமக்ர சிக்ஷா (தமிழ்நாட்டில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி) திட்டத்தில், அரசுப் பள்ளிகளுக்கு வருடா வருடம் ஒரு மானியம் உண்டு. சம்பளம் இதில் சேராது. சாக்பீஸ், கரண்ட் பில், குடிதண்ணீர், கக்கூஸ் சுத்தம், காலொடிந்த பெஞ்சுக்குக் கால் போன்ற சமாசாரங்களுக்கு. சமீப வருடங்களில் பள்ளிகளுக்குப் போன சுற்றறிக்கைகளில் இருக்கும் ரேட் இது:

30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000. 251 முதல் 1,000 வரை 75,000. ஆயிரத்தைத் தாண்டினால் 1 லட்சம்.

பார்த்தவுடன் 'சரிதானே, பெரிய ஸ்கூலுக்குப் பெரிய பணம்' என்றுதான் தோன்றும். இப்போது வகுத்துப் பாருங்கள். 30 பேர் படிக்கிற பள்ளிக்கூடத்தில் தலைக்கு 333 ரூபாய். ஒரே ஒரு பிள்ளை கூடுதலாகச் சேர்ந்து 31 ஆனால் தலைக்கு 806. நூறு பேர் என்றால் 250. ஆயிரம் பேர் என்றால் 75 ரூபாய். மாதத்துக்கு அல்ல சார், வருஷத்துக்கு. இரண்டு பேர் நின்றுகொண்டே டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துவிடுகிற தொகை.

இன்னொரு விதமாகச் சொன்னால், அந்தச் சின்னப் பள்ளிக்கு 31-வது பிள்ளையின் மதிப்பு 15,000 ரூபாய். 32-வது பிள்ளையின் மதிப்பு பூஜ்யம். அதற்குப் பிறகு 101-வது பிள்ளை வரும்வரை யார் வந்தாலும் பூஜ்யம்தான்.

இதற்காகத் திட்டம் போட்டவர்களை ஒரேயடியாகத் திட்டவும் முடியாது. அவர்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. சத்துணவு தலைக்கு, கூரை தலைக்கு அல்ல. சாதம், முட்டை, புத்தகம், யூனிஃபார்ம் எல்லாம் பிள்ளைகளை எண்ணிக் கொடுக்கவேண்டியவை. ஆனால் ஒழுகுகிற ஓடு, உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒழுகும், ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் ஒழுகும். மோட்டார் ரிப்பேர்காரர் பிள்ளைகளை எண்ணிக் கூலி கேட்பதில்லை. சுத்தமாகத் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால், பத்துப் பேர் படிக்கிற மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் துடைப்பம் வாங்கவும் காசு இருக்காது. அதனால்தான் படி வைத்துக் கட்டினார்கள். படியின் உயரம்தான் பிரச்னை.

இதைப்பற்றி, தலைமையாசிரியராக இருந்து ரிட்டையரான நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்தார்.

"மானியம் போகட்டும் சார், அது சில்லறை. வாத்தியார் கணக்குலதான் கூத்தே இருக்கு."

2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் அந்தக் கூத்து அச்சாகியிருக்கிறது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். 61 முதல் 90 வரை மூன்று. 91 முதல் 120 வரை நாலு. 121 முதல் 200 வரை ஐந்து. ஆக, 60 பிள்ளைகள் இருந்தால் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பார்க்கவேண்டும். ஒருவர் மூன்றாம் வகுப்புக்குக் கழித்தல் போட்டுக்கொண்டே நாலாம் வகுப்பை அதட்டி, ஐந்தாம் வகுப்புக்கு டிக்டேஷன் சொல்லவேண்டும். தசாவதானி உத்தியோகம்.

தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ம் தேதி நிலவரப்படி பிள்ளைகளை எண்ணி, எந்தப் பள்ளிக்கு எத்தனை பேர் என்று நிர்ணயம் செய்வார்கள். கூடுதலாக இருப்பவருக்கு 'உபரி ஆசிரியர்' என்று பெயர். அவரைத் தேவைப்படும் பள்ளிக்கு மாற்றுவதற்குப் பணிநிரவல் என்று பெயர். நிர்வாகத்தில் இது தப்பில்லை. ஓர் இடத்தில் சும்மா இருப்பவரை, ஆள் இல்லாத இடத்துக்கு அனுப்பத்தான் வேண்டும். ஆனால் நண்பர் சொன்னதைக் கேளுங்கள்.

"ஒரு வருஷம் நமக்கு சரியா 61 சார். மூணு பேர் இருந்தோம். ஜூலை கடைசில ஒரு குடும்பம் பனியன் கம்பெனி வேலைன்னு திருப்பூர் கிளம்பிருச்சு. ரெண்டு பிள்ளைங்க. டி.சி. கேட்டு அந்தம்மா வந்து நிக்குது. 'ஆகஸ்ட் ரெண்டாந்தேதி வாங்கிக்கம்மா'ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அங்கே அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கணுமே, அப்புறம் எப்படிச் சொல்றது? கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். 59 ஆச்சு. மூணாவது டீச்சர் உபரி."

"அப்புறம்?"

"ஒண்ணு ரெண்டு வகுப்பெல்லாம் அந்தப் பொண்ணுதான் பாத்துக்கிட்டு இருந்துச்சு. பாட்டும் ஆட்டமுமா நல்லா சொல்லிக்கொடுக்கும். அது போனதும் அந்தச் சின்னதுங்களை என் வகுப்புல ஓரமா உட்கார வெச்சேன். ஊர்க்காரங்களுக்குக் கண்ணு இருக்குல்ல? அடுத்த ஜூன்ல பிரைவேட் ஸ்கூல் வேன் ஊருக்குள்ள வந்துச்சு. பன்னெண்டு பிள்ளைங்க ஏறிருச்சு. 47."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணாவது டீச்சர் திரும்ப வேணும்னா ஊர்ல நாலு கல்யாணமாவது நடக்கணும் சார். அதுவும் ஆறு வருஷம் முன்னாடியே!" என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இனி சிக்கனம் என்கிற விஷயத்துக்கு வருவோம். 'அரசாங்கம் ஒரு பிள்ளைக்கு இவ்வளவு செலவழிக்கிறது, தனியார் பள்ளியில் இதில் பாதிதான் ஃபீஸ்' என்று ஒரு வாதம் அடிக்கடி வரும். பேச்சுக்கு, ஓர் ஆசிரியருக்கு மாதம் 50,000 ரூபாய் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கு வருஷத்துக்கு 12 லட்சம். பள்ளியில் 60 பேர் இருந்தால் தலைக்கு 20,000. இருபது பேர்தான் என்றால் 60,000. பத்துப் பேர் என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். அதே ஆசிரியர்கள், அதே கரும்பலகை, அதே ஒழுகல். யாரும் ஒரு பைசா அதிகம் செலவழிக்கவில்லை. வேன் வந்தது, அவ்வளவுதான். வகுக்கும் எண் குறையக் குறைய, 'தலைக்குச் செலவு' தானாக ஏறும். அதைப் பார்த்து ஊதாரித்தனம் என்றால், பாதி காலியாக ஓடுகிற பஸ்ஸின் டிரைவரைப் பார்த்து 'ஏன்யா இவ்வளவு டீசல்?' என்று கேட்பது மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் கணக்குப்படி நாட்டிலேயே சிக்கனமான தொடக்கப் பள்ளிகளில் ஒன்று எது தெரியுமா? சரியாக 60 பிள்ளைகளும் இரண்டே ஆசிரியர்களும் இருக்கிற பள்ளி. அதாவது, பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறுவதற்கு மிகக் கஷ்டமான பள்ளி. 61-வது பிள்ளை வந்து மூன்றாவது ஆசிரியரும் வந்ததும் செலவு தலைக்கு 29,500 ஆகிவிடும். ஃபைல் பார்ப்பவருக்கு அது திறமைக்குறைவு. ஒன்றாம் வகுப்புக்கு அதுதான் விடிவு.

இப்படிப் படிக்கட்டு போடுவது நம் ஊர் விசேஷம் மட்டும் அல்ல. இஸ்ரேலில் ஒரு வகுப்பில் 40 பேருக்கு மேல் கூடாது என்று விதி. 41-வது பிள்ளை வந்தால் வகுப்பை இரண்டாகப் பிரிக்கவேண்டும். ஜோஷுவா ஆங்ரிஸ்ட், விக்டர் லேவி என்று இரண்டு பொருளாதார நிபுணர்கள் இந்தப் படியையே ஒரு பரிசோதனையாகப் பயன்படுத்தி, சின்ன வகுப்பில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள் என்று 1999-ல் எழுதினார்கள். (ஆங்ரிஸ்ட்டுக்கு 2021-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.) 2019-ல் அவர்களே வேறு இருவரோடு சேர்ந்து, 2002 முதல் 2011 வரையிலான விவரங்களை வைத்து மறுபடி பார்த்தபோது அந்தப் பலனைக் காணோம். அதோடு இன்னொன்றும் தெரிந்தது. படிக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிகள், எண்ணிக்கையைக் கொஞ்சம் 'சரிசெய்து' படியைத் தாண்டியிருக்கின்றன. ஹெட்மாஸ்டர்கள் எல்லா ஊரிலும் ஹெட்மாஸ்டர்கள்தான். நம் ஆட்கள் மேல் மட்டும் சந்தேகப்படாதீர்கள். படியை ஒரு ஆள் உயரத்துக்குக் கட்டிவிட்டு, ஏன் எகிறிக் குதிக்கிறாய் என்று கேட்கக்கூடாது.

இதை அரசாங்கத்துக்குப் புரியவைப்பது கஷ்டமா? இல்லவே இல்லை. உங்களுக்காக ஏற்கெனவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். 2025 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்கள். 12 லட்சத்து 10 ஆயிரம் சம்பாதித்தால்? ஸ்லாப் கணக்குப்படி 61,500 ரூபாய் வரி வரும். பத்தாயிரம் கூடுதலாகச் சம்பாதித்ததற்கு அறுபதாயிரம் அபராதமா என்று நீங்கள் அலறுவீர்கள் அல்லவா? அதற்காக 'மார்ஜினல் ரிலீஃப்' என்று ஒன்று வைத்து, செஸ் நீங்கலாக 10,000 கட்டினால் போதும் என்றார்கள். சம்பளக்காரர் படியில் தடுக்கி விழாமல் இருக்கச் சாய்தளம் கட்டத் தெரிந்தவர்களுக்கு, ஒன்றாம் வகுப்புக்குக் கட்டத் தெரியாதா?

மானியத்துக்கு எளிய வழி உண்டு. பள்ளிக்கூடம் என்று ஒன்று இருப்பதற்காக ஓர் அடிப்படைத் தொகை, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு. உதாரணத்துக்கு அடிப்படை 15,000, தலைக்கு 100 ரூபாய். பத்துப் பேர் பள்ளிக்கு 16,000. நூறு பேருக்கு இன்று வருகிற அதே 25,000. ஆயிரம் பேருக்கு 1 லட்சத்து 15 ஆயிரம். எண்கள் என் இஷ்டத்துக்குப் போட்டவை, நிதித்துறைக்காரர்கள் அடித்துத் திருத்தலாம். ஆனால் இதில் எந்தப் பிள்ளையின் மதிப்பும் 15,000 இல்லை, எந்தப் பிள்ளையின் மதிப்பும் பூஜ்யம் இல்லை. இங்கிலாந்தில் 2018-19-ல் கொண்டுவந்த தேசிய சூத்திரத்திலும் பள்ளிக்கு ஒரு மொத்தத் தொகை, பிள்ளைக்கு ஒரு தொகை, ஏழைப் பிள்ளைக்குக் கூடுதல் என்றுதான் வைத்தார்கள்.

அந்த மூன்றாவது அயிட்டம் முக்கியம். நெதர்லாந்துக்காரர்கள் 1985-ல் பிள்ளைகளுக்கு எடை போட்டார்கள். தராசில் இல்லை, பட்ஜெட்டில். சாதாரணப் பிள்ளைக்கு 1. அதிகம் படிக்காத டச்சுப் பெற்றோரின் பிள்ளைக்கு 1.25. படகிலேயே குடும்பம் நடத்துகிறவர்கள் பிள்ளைக்கு 1.4. வண்டி வீடுகளில் ஊர் ஊராகப் போகிறவர்கள் பிள்ளைக்கு 1.7. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த, அதிகம் படிக்காத பெற்றோரின் பிள்ளைக்கு 1.9. பிற்பாடு இதை மாற்றினார்கள். ஆனால் அடிப்படை யோசனையைக் கவனியுங்கள். இடம்பெயர்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு அங்கே கூடுதல் எடை. இங்கே அந்தப் பிள்ளை போனால் பின்னாலேயே ஒரு டீச்சரும் போகிறார்.

ஆசிரியரைத் துண்டு போட்டுக் கால் பங்கு, அரைப் பங்கு என்று அனுப்ப முடியாது, வாஸ்தவம். ஆனால் ஒரு தேதியில் எண்ணுவதற்குப் பதில் மூன்று வருட சராசரியை எடுக்கலாமே? 61 வந்து 59 ஆகி மறுபடி 62 ஆகிற பள்ளியில், மூன்றாவது ஆசிரியர் நிம்மதியாக இருப்பார். நிஜமாகவே பிள்ளைகள் குறைகிற ஊரில் சராசரி தானாக இறங்கும், அப்போது மாற்றிக்கொள்ளலாம். ஒரு குடும்பம் திருப்பூருக்கு பஸ் ஏறியதற்காக ஒன்றாம் வகுப்பு அனாதையாக வேண்டாம்.

அடுத்த முறை யாராவது 'அரசுப் பள்ளியில் தலைக்கு இவ்வளவு செலவு' என்று ஒரு எண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தால், உடனே வாயைப் பிளக்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை தலை? யாருடைய தலை? எந்தத் தேதியில் எண்ணியது?

பதில் வர நேரமானால் பரவாயில்லை, காத்திருங்கள். ஒன்றாம் வகுப்பின் ஓரத்தில் நாற்பத்தேழு பேரில் சிலர் ரொம்ப நாளாகக் காத்திருக்கிறார்கள்.